காப்பித் தரகரின் பேரேடும் சைஜாவின் எருமையும்: ‘மாக்ஸ் ஹாவெலார்’ நாவல் மதிப்புரை

“நான் காப்பித் தரகன், லௌரியர் கால்வாய்த் தெருவில் 37-ஆம் எண் வீட்டில் வசிக்கிறேன்” என்று ஆம்ஸ்டர்டாம் வணிகர் ஒருவர் தம்மை அறிமுகம் செய்துகொள்வதில்தான் ‘மாக்ஸ் ஹாவெலார்’ தொடங்குகிறது. கதை எழுதுவது தம் வழக்கமன்று என்றும், கவிதையும் நாடகமும் பொய்யை வளர்ப்பவை என்றும், தமக்கு வேண்டியவை உண்மையும் நல்லறிவும் மட்டுமே என்றும் அவர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு போகிறார். பத்தாவுஸ் ட்ரோக்ஸ்டோப்பல் என்னும் அந்த மனிதர் யாரையும் அடிப்பதில்லை, திருடுவதில்லை, தேவாலயத்துக்குப் போகத் தவறுவதில்லை, கணக்கைச் சுத்தமாக வைத்திருக்கிறார். காலனி ஆட்சியின் பேராசையைச் சொல்லும் செவ்வியல் புனைவுகளில் நான் படித்தவரையில், இவரைப் போல் என்னைக் கலங்கவைத்த பாத்திரம் வேறில்லை.

1860-இல் டச்சு மொழியில் வெளிவந்த இந்நாவலின் முழுப் பெயர் ‘மாக்ஸ் ஹாவெலார் அல்லது டச்சு வணிகக் கழகத்தின் காப்பி ஏலங்கள்’. நான் இங்கே மதிப்பிடுவது, ஈனா ரில்கே, டேவிட் மெக்கே ஆகிய இருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்து, 2019-இல் நியூயார்க் ரிவ்யூ புக்ஸ் நிறுவனம் தன் செவ்வியல் வரிசையில் வெளியிட்ட பதிப்பை. ராய் எட்வர்ட்ஸ் 1967-இல் செய்த மொழிபெயர்ப்பைப் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து, ட்ரோக்ஸ்டோப்பலின் பேச்சு சலித்துப்போய் மூன்றாம் அத்தியாயத்தோடு மூடிவைத்துவிட்டேன். அந்தச் சலிப்பே ஆசிரியர் நமக்குத் தர விரும்பிய அனுபவம் என்பது இந்த இரண்டாம் வாசிப்பில்தான் விளங்கியது.

ஆசிரியரின் இயற்பெயர் எடுவார்ட் டௌவஸ் டெக்கர். 1820-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கப்பல் தலைவரின் மகனாகப் பிறந்தவர். பதினெட்டு வயதில், அன்று டச்சுக் காலனியாக இருந்த கிழக்கிந்தியத் தீவுகளுக்கு (இன்றைய இந்தோனேசியா) கப்பலேறி, சுமத்ரா, செலபஸ், அம்போன் எனப் பல இடங்களில் காலனி அரசின் அதிகாரியாக வேலைபார்த்து, 1856 ஜனவரியில் ஜாவாவின் மேற்குப் பகுதியில் உள்ள லெபாக் மாவட்டத்துக்குத் துணை ரெசிடெண்டாக, அதாவது அம்மாவட்டத்தின் டச்சு நிர்வாக அதிகாரியாக, வந்து சேர்ந்தார். அங்கே மக்களைக் கூலியின்றி வேலைவாங்கியும், அவர்களுடைய எருமைகளை விலைகொடாமல் பறித்தும் வந்த உள்ளூர்த் தலைவரான ரீஜெண்டின்மீது, பிப்ரவரி 24 அன்று எழுத்துமூலம் குற்றம் சாட்டினார். மேலதிகாரி சமாதானம் பேசினார். தலைமை ஆளுநர் அவரை ஙாவி என்ற வேறோர் ஊருக்கு மாற்றினார். டெக்கர் அதை ஏற்காமல் மார்ச் மாதம் முடிவதற்குள் பதவி விலகினார். லெபாக்கில் அவர் இருந்தது ஏறத்தாழ மூன்று மாதங்களே. மூன்றரை ஆண்டுகள் கழித்து, கையில் காசில்லாமல், மனைவி மக்களைப் பிரிந்து, பிரசல்ஸ் நகரத்தில் ஒரு விடுதியறையில் தங்கி, சில வாரங்களிலேயே இந்நாவலை எழுதி முடித்தார். ‘முல்டாட்டுலி’ என்று அவர் சூடிக்கொண்ட புனைபெயருக்கு இலத்தீன் மொழியில் ‘நான் மிகுதியும் துன்புற்றேன்’ என்பது பொருள்.

நாவலுக்குப் பின்னால் நிற்கும் பொருளாதாரத்தை அறியாமல் படித்தால் பாதி விளங்காது. 1830-இல் தலைமை ஆளுநர் வான் டென் பாஷ் ஜாவாவில் பயிரிடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கிராமமும் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிப் பயிர்களுக்கு ஒதுக்க வேண்டும், விளைந்ததை அரசு குறித்த விலைக்கு அரசிடமே கொடுக்க வேண்டும் என்பது ஏட்டிலிருந்த விதி. நடைமுறையில் பல இடங்களில் ஐந்தில் ஒன்று என்ற எல்லை மீறப்பட்டது. காப்பி, சர்க்கரை, அவுரி ஆகியவற்றை டச்சு வணிகக் கழகம் கப்பலேற்றி ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டது. இந்த முறையால் டச்சுக் கருவூலத்துக்குச் சென்று சேர்ந்த உபரி, 1831-க்கும் 1877-க்கும் இடையே 80 கோடி கில்டருக்கும் (அன்றைய டச்சு நாணயம்) மேல். நாவல் வெளிவந்த காலத்தில் அந்நாட்டு அரசின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. அதே ஜாவாவில், 1840-களில் சிரெபோனிலும் 1849–50-இல் டெமாக், குரோபோகான் பகுதிகளிலும் பஞ்சம் வந்து மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். வளமான ஜாவாவிலா பஞ்சம் என்று வாசகன் கேட்பான் என எதிர்பார்த்து, ஆம் என்று பதில் சொல்லி, உணவுக்காகத் தாய்மார்கள் பிள்ளைகளை விற்க முன்வந்ததை நாவலே எழுதிக்காட்டுகிறது.

இந்த ஏற்பாட்டின் நச்சுவேர், அளவுப்பங்கு என்று சொல்லத்தக்க ஒரு சிறு விதியில் இருந்தது. ஒரு வட்டாரம் எவ்வளவு விளைபொருளை ஒப்படைக்கிறதோ அந்த அளவுக்கேற்ப உள்ளூர்த் தலைவருக்கும் டச்சு அதிகாரிக்கும் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. குடியானவனைக் காக்கவேண்டிய இருவருக்குமே அவனைப் பிழிவதில் ஆதாயம் இருந்தது என்பதை முல்டாட்டுலி வெகு தெளிவாக எடுத்துச்சொல்கிறார். ஒழுக்கக்கேட்டைத் தீயவர்களின் மனக்கோணலாகக் காட்டாமல், சம்பளப் பட்டியலுக்குள்ளேயே வைத்துக் காட்டிய நுட்பம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு புனைகதைக்காரர் இதைக் கண்டுகொண்டது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கதையின் கட்டுமானம் வழக்கத்துக்கு மாறானது. ட்ரோக்ஸ்டோப்பல் தம் பழைய பள்ளித் தோழர் ஒருவரைத் தெருவில் சந்திக்கிறார். மேலங்கி வாங்க வக்கில்லாமல் சால்வை போர்த்தித் திரியும் அந்த மனிதர், தம் கையெழுத்துப் படிகள் அடங்கிய பெரிய பொதியொன்றை அனுப்பி, அச்சிட உதவுமாறு கேட்கிறார். அந்தத் தாள்களுக்குள் காப்பி வணிகத்துக்குப் பயன்படும் செய்திகள் இருப்பதைத் தரகர் காண்கிறார். தம் அலுவலகத்தில் தொழில் பழக வந்திருக்கும் ஸ்டெர்ன் என்னும் ஜெர்மானிய இளைஞனிடம் அவற்றைத் தொகுத்துக் காப்பியைப் பற்றி ஒரு நூல் எழுதும்படி ஒப்படைக்கிறார். அந்த இளைஞனின் தந்தை ஹாம்பர்க்கில் பெரிய காப்பி வணிகர் என்பதால், போட்டித் தரகர்கள் அவரைத் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்ற கவலையும் இதில் அடக்கம். ஆனால் ஸ்டெர்ன் எழுதுவதோ லெபாக்கில் நீதி கேட்டுத் தோற்ற மாக்ஸ் ஹாவெலாரின் கதை. தரகர் இடையிடையே குறுக்கிட்டு, இதில் காப்பி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அந்தக் குறுக்கீடுகள்தாம் நூலின் உயிர். தம் கிடங்கில் காலமெல்லாம் நேர்மையாக உழைத்து முதுமையில் நோயோடு வறுமைப்படும் லூக்காஸ் என்ற தொழிலாளியைச் சுட்டி, நல்லொழுக்கத்துக்குப் பரிசு கிடைத்துவிட்டால் அது நல்லொழுக்கமாகவே இராது என்று ட்ரோக்ஸ்டோப்பல் வாதிடுகிறார். வாவெலார் என்ற போதகர் தேவாலயத்தில், புறச்சமயத்தாரான ஜாவானியரை உழைப்பின் வழியாகவே கடவுளிடம் சேர்க்க வேண்டும் என்று முழங்கும்போது தரகரின் உள்ளம் நிறைகிறது. லெபாக்கின் மண் காப்பிக்கு ஏற்றதன்று என்ற செய்தியைப் படித்ததும், அங்கே காப்பி பயிரிடாமல் இருப்பது அம்மக்களின் ஆன்மாவுக்கே கேடு என்று முடிவுகட்டுகிறார். சுரண்டலை வேதவசனத்தால் போர்த்துவது எல்லாக் காலத்திலும் நடந்திருக்கிறது. ஆனால் போர்த்துபவனே அதை முழுமனத்தோடு நம்புகிறான் என்பதை இவ்வளவு பொறுமையாக, அவன் குரலிலேயே பேசவிட்டு வெளிப்படுத்திய எழுத்து அரிது. ஒரு கொடியவனை வெறுத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்கலாம். தம் வேலையைச் செவ்வனே செய்கிற, பெண்டு பிள்ளைகளைப் பேணுகிற ஒரு மனிதரோடு பல அத்தியாயங்கள் உட்கார்ந்திருந்த பின், அந்த நிம்மதி நமக்கு மிஞ்சுவதில்லை.

பேராசை ஆம்ஸ்டர்டாமில் என்றால், ஒழுக்கச் சிதைவு ஜாவாவின் அலுவலகங்களில். ஒவ்வொரு அதிகாரியும் தன் வட்டாரத்தில் எல்லாம் நலம் என்றே மேலே எழுதுகிறான். மேலே இருப்பவன் அதைத் தொகுத்து இன்னும் கொஞ்சம் நலமாக்கி அரசுக்கு அனுப்புகிறான். கெட்ட செய்தியை எழுதுபவன் தொல்லைக்காரன் என்று பெயரெடுக்கிறான். இப்படி வந்த அரிசிக் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தால், ஜாவாவில் இருக்கும் அரிசியைவிட அதிக அரிசி ஜாவாவில் இருப்பதாக முடியும் என்று நாவல் சொல்கிறது. ஹாவெலாரின் மேலதிகாரியான ரெசிடெண்ட் ஸ்லைமெரிங், சொற்களுக்கு இடையில் நெடிய இடைவெளிவிட்டுப் பேசுபவர். முறைகேடுகள் அவருக்கும் தெரியும். அவற்றைத் தாளில் எழுதிவிட்டதுதான் ஹாவெலார் செய்த பிழை. முன்பு அதே பதவியிலிருந்து இதே முறைகேடுகளை விசாரிக்கப் புகுந்து திடீரென இறந்துபோன அதிகாரியின் மனைவி, தம் வீட்டைச் சுற்றி அந்நியர் நடமாட்டத்தைக் கண்காணித்துக்கொண்டு அடுத்த வீட்டிலேயே இருக்கிறார். கணவர் நஞ்சூட்டப்பட்டார் என்பதைக் கதையின் பிற்பகுதியில் சொல்கிறார். டெக்கருக்கு முன் லெபாக்கில் பணியாற்றிய கரோலுஸ் என்பவர் 1855-இல் இறந்தபோது இதே ஐயம் எழுந்தது. நாவலில் இடம்பெறும் கடிதங்களும் டெக்கரின் உண்மையான அலுவலகக் கடிதங்களை ஒட்டியவை. அவற்றின் வறண்ட நடையே கதைக்குள் சாட்சியாக நின்று பேசுகிறது.

பதினேழாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். சைஜா, அதிந்தா இருவரின் கதையை நான் ஒரே இருப்பில் படித்தேன்; முடித்த பின் அன்று வேறெதையும் தொட முடியவில்லை. பாதுர் கிராமத்தில் சைஜாவின் தந்தையிடம் ஓர் எருமை இருக்கிறது. அதை வட்டாரத் தலைவர் எடுத்துக்கொள்கிறார். தந்தை தம் முன்னோரிடமிருந்து வந்த குறுவாளை 24 கில்டருக்கு விற்று இன்னோர் எருமை வாங்குகிறார். ஒருநாள் புலி பாய வரும்போது சிறுவனைத் தன் உடலுக்கடியில் மறைத்துக் காக்கிறது அந்த எருமை. அதுவும் பறிபோய், அறுக்கப்படுகிறது. மனைவியின் பெற்றோர் வழிவந்த, கொசுவலை மாட்டும் வெள்ளிக் கொக்கிகளை 18 கில்டருக்கு விற்று மூன்றாவது எருமை, அதுவும் போகிறது. தாய் துயரத்தால் இறக்கிறாள். நிலவரி கட்ட முடியாத தந்தை ஊரைவிட்டு ஓடி, அனுமதிச் சீட்டு இல்லாமல் சென்றதற்காகப் பிரம்படி பட்டுச் சாகிறார். ஒரு குடும்பத்தின் அழிவை ஆசிரியர் அழுகையால் சொல்லவில்லை. விற்ற பொருள், கிடைத்த விலை, வாங்கிய எருமை என்று ஒரு கணக்கைப் போலவே அடுக்குகிறார். தரகரின் கணக்கைக் கேட்டுப் பழகிய நம் செவியில் இந்தக் கணக்கு இடியாக இறங்குகிறது.

சைஜா காலனியின் தலைநகரான பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) வேலைதேடிப் போகிறான். முப்பத்தாறு மாதங்கள் கழித்துக் காட்டோரத்துக் கெத்தாப்பாங் மரத்தடியில் சந்திப்பதாக அதிந்தாவோடு பேச்சு. (கெத்தாப்பாங் என்பது நம் ஊர்ப் பள்ளி வளாகங்களில் நிழல்தரும் நாட்டு வாதுமை மரந்தான். அதை அறிந்த பின் அந்தக் காத்திருப்பு எனக்கு இன்னும் அருகில் வந்துவிட்டது.) ஒவ்வொரு பிறைக்கும் நெல் குத்தும் உரல்கட்டையில் ஒரு கோடு கீறிவருவதாக அவள் வாக்களிக்கிறாள். குறித்த நாளில் அவன் விடியும்வரை காத்திருக்கிறான், அவள் வரவில்லை. அவள் குடும்பமும் எருமையை இழந்து, தண்டனைக்கு அஞ்சி, கடல் கடந்து, சுமத்ராவின் தென்கோடியிலுள்ள லாம்புங் பகுதிக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்துவிட்டது. தேடிப் போகும் சைஜா, டச்சுப் படை அப்போதுதான் கைப்பற்றிய, ஆகவே தீப்பற்றி எரிந்துகொண்டிருக்கிற ஒரு கிராமத்தில் அதிந்தாவின் சிதைக்கப்பட்ட உடலைக் காண்கிறான். படைவீரர்களின் துப்பாக்கி ஈட்டிகளின்மேல் போய் விழுகிறான். பின்பு பட்டாவியாவில் வெற்றி கொண்டாடப்படுகிறது. அமைதி திரும்பியதாக அரசுக்கு அறிக்கை போகிறது. ‘கைப்பற்றிய, ஆகவே எரிகிற’ என்ற தொடரில் உள்ள ‘ஆகவே’ என்னும் ஒரு சொல்லுக்குள் ஒரு பேரரசின் ஒழுக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் குரலை உயர்த்தாமல் விட்டதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஹாவெலார் என்னும் பாத்திரத்தை ஆசிரியர் தம் உருவாகவே படைத்ததால், அவனுடைய தாராள குணத்தையும் அறிவையும் புகழும் பகுதிகள் நீண்டு சோர்வூட்டுகின்றன. சுமத்ராவில் அவன் பணியாற்றிய நாட்களின் பழங்கதைகளைச் சாப்பாட்டு மேசையில் விரித்துரைக்கும் அத்தியாயங்களைச் சுருக்கியிருந்தால் நூலுக்கு நன்மையே. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. லெபாக் ஓர் ஏழை மாவட்டம். அங்கே கொடுமையின் நேரடி முகம் காப்பியன்று, உள்ளூர் ரீஜெண்டின் பறிப்பு. எனவே அவசரமாகப் படிப்பவருக்கு, ஜாவானியத் தலைவன் கெட்டவன், டச்சு அதிகாரி நல்லவன் என்ற தோற்றம் எழக்கூடும். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் பிறந்த டச்சு இலக்கிய வரலாற்றாசிரியர் ராப் நியூவென்ஹாய்ஸ், டெக்கர் ஜாவானியச் சமூகத்தின் வழக்காறுகளை ஐரோப்பியக் கண்ணாலேயே அளந்தார் என்று விரிவாக விமரிசித்திருக்கிறார். அந்த விமரிசனத்தில் உண்மை உண்டு. ஆனால் டெக்கர் விலகிய பின் நடந்த விசாரணையில் முறைகேடுகள் மெய்யென்று தெரிந்து, கீழ்நிலைத் தலைவர்கள் சிலர் நீக்கப்பட்டு, ரீஜெண்ட் கண்டிப்போடு விடப்பட்டார் என்பதும் வரலாறுதான். மேலும் ஒன்று: முல்டாட்டுலி காலனி ஆட்சி ஒழிய வேண்டும் என்று கேட்கவில்லை, அது நேர்மையாக நடக்க வேண்டும் என்றே கேட்டார். பேராசையையே அடித்தளமாகக் கொண்ட ஓர் ஆட்சி நேர்மையாக நடக்க முடியுமா என்ற கேள்வியை அவர் கேட்காமல் விட்டாலும், அவர் எழுதிய கதை ஒவ்வொரு பக்கத்திலும் அதைக் கேட்கிறது. நாவலாசிரியரைவிட நாவல் தெளிவாக இருக்கிறது என்பது என் முடிவு.

இறுதிப் பக்கங்களில் ஆசிரியர் கதையையே உடைத்துக்கொண்டு வெளியே வருகிறார். “போதும் ஸ்டெர்ன்” என்று அந்த இளைஞனை அனுப்பிவிட்டு, ட்ரோக்ஸ்டோப்பலைக் காப்பியிலேயே மூச்சுத்திணறி மறைந்துபோகச் சொல்லிவிட்டு, முல்டாட்டுலி தாமே எழுதுகோலை எடுத்து, மன்னர் மூன்றாம் வில்லியமை நேர்நின்று கேட்கிறார்: நிலநடுக்கோட்டைச் சுற்றி மரகத ஒட்டியாணம் போல் வளைந்துகிடக்கும் தீவுகளில் உம் பெயரால் மக்கள் வதைக்கப்படுவது உமக்குச் சம்மதந்தானா? அந்தக் குரலில் நாகரிகம் இல்லை, அளவு இல்லை. அது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இந்தச் சீற்றத்துக்கு அஞ்சியவர்கள் ஐரோப்பாவிலேயே இருந்தார்கள். அச்சுக்கு ஏற்பாடு செய்த எழுத்தாளர் யாக்கோப் வான் லென்னெப், பதிப்புரிமையைத் தம் வசமாக்கிக்கொண்டு, ஊர்ப் பெயர்களையும் ஆண்டுகளையும் புள்ளிகளாக மாற்றிவிட்டார். டெக்கர் வழக்காடித் தோற்றார். தம் கையால் திருத்திய பதிப்பைக் காண அவர் 1875 வரை காத்திருக்க நேர்ந்தது.

பதிப்பைப் பற்றி: தரகரின் குரல், இளைஞன் ஸ்டெர்னின் குரல், கடைசியில் எழும் ஆசிரியரின் குரல் என மூன்றும் இந்த மொழிபெயர்ப்பில் தனித்தனியாகக் கேட்கின்றன, பழைய மொழிபெயர்ப்பில் எனக்கு இது வாய்க்கவில்லை. 2006-இல் மறைந்த இந்தோனேசிய நாவலாசிரியர் பிரமோதியா அனந்தா தூரின் முன்னுரையும் இதில் உண்டு. காலனியத்தைக் கொன்ற நூல் இது என்று 1999-இலேயே எழுதியவர் அவர். அந்த மதிப்பீட்டில் சற்று மிகை இருப்பதாக நான் கருதினாலும், காலனியச் சிறையையும் பின்னர் தம் நாட்டு அரசின் சிறையையும் கண்ட ஒருவர் அதைச் சொல்லும்போது மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை.

பதினேழாம் அத்தியாயத்தின் புகழைக் கேள்விப்பட்டு அதை மட்டும் எடுத்துப் படிப்பவர்கள் உண்டு. பாடத்தொகுப்புகளிலும் அது தனியாக வந்திருக்கிறது. அப்படிச் செய்ய வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். சலித்தாலும் ட்ரோக்ஸ்டோப்பலின் வீட்டில் பதினாறு அத்தியாயங்கள் இருந்துவிட்டு பாதுர் கிராமத்துக்கு வாருங்கள். அவருடைய பேரேட்டில் காப்பி மூட்டைகள் அனைத்துக்கும் வரி இருக்கும். வெள்ளிக் கொக்கிகள் விற்ற அந்த 18 கில்டர் எந்தப் பக்கத்திலும் இராது.